ஆராய்ச்சியின் கையில் திருவோடு

தொழிலறிஞர் மாநாடொன்றில் விருந்து நடைபெறுகின்றது. ஆராய்ச்சி நிதிக்கு அதிகப் பணம் திரட்டிய மாணவர் குழாத்தின் பெயர் மேடையிலே அறிவிக்கப்படுகின்றது, மண்டபம் கைதட்டுகின்றது. அடுத்து, புரவலர் ஒருவரின் பெயர் தாங்கிய விருதை இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் பெற்றுக்கொள்கின்றார். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால், ஆராய்ச்சி ஏன் விருந்து மண்டபத்திலே கையேந்த வேண்டும் என்று அம்மண்டபத்திலே கேட்பார் எவருமில்லை. அக்கேள்வியை நாம் கேட்போம்.

அமெரிக்க இயன்மருத்துவத் துறையை எடுத்துக்கொள்வோம். 1921 இல் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்ட இத்துறையினர், ஆராய்ச்சியை வளர்ப்பதற்காக 1979 இல் தனி நிதியம் ஒன்றை நிறுவினர். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்வோருக்குப் புலமைப்பரிசிலும், புதிய ஆய்வாளருக்கு மானியமும் அது வழங்கி வந்துள்ளது. 1980களின் இறுதியில் மார்க்கெற் சர்வகலாசாலை மாணவர் தொடங்கிய நிதிதிரட்டும் போட்டி பிற கல்லூரிகளுக்கும் பரவிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்த இத்தகைய பணத்திலிருந்து எத்தனையோ நல்ல ஆய்வுகள் பிறந்துள்ளன. இவ்வுழைப்பை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. அம்மாணவரின் நல்லெண்ணத்தை நாம் வணங்குகின்றோம். அந்நல்லெண்ணத்தின் மறைவிலே தம் கடமையைத் தட்டிக் கழிப்போரையே நாம் சாடுகின்றோம்.

மாத்திரை ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை உண்டு. காப்புரிமைக்கு இலாபம் உண்டு. இலாபத்தை நாடிக் கொம்பனிகள் ஆய்வுக்குக் கோடிகளைக் கொட்டும். பாரிசவாதத்தால் விழுந்தவரை மீண்டும் நடக்கப் பழக்கும் பயிற்சிக்கு யார் காப்புரிமை பெற முடியும்? முழங்காலை மடக்கி நீட்டுவதைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாத அறிவு சந்தைக்கு வேண்டாத அறிவு. எனவேதான், மனிதனுக்கு மிகவும் வேண்டிய அறிவு திருவோடு ஏந்துகின்றது.

பொதுப்பணம் ஆய்வுக்குச் செல்லும்போது என்ன நிகழ்கின்றது? 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. முழங்காற் குருத்தெலும்புக் கிழிவும் மூட்டுத் தேய்வும் உடைய 351 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு இயன்மருத்துவமும் அளித்துப் பார்த்தனர். ஆறு மாதங்களின் பின் இரு பிரிவினரின் இயங்குதிறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இயன்மருத்துவம் பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் சத்திரசிகிச்சையை நாடினர் என்பது உண்மையே; எனினும், எஞ்சியோருட் பலர் கத்தியின்றியே தேறினர். இவ்வாய்வுக்குப் பணம் அளித்தது அரசின் தேசிய சுகாதார நிறுவனம். சத்திரசிகிச்சையால் வருவாய் பெறுவோர் இத்தகைய கேள்வியைத் தாமாக எழுப்புவார்களா?

ஆனால் அதே அரசின் மற்றக் கை என்ன செய்தது? முதியோருக்கான மருத்துவக் காப்புறுதியில், இயன்மருத்துவத்துக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,500 டொலர் என்று 1997 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டிற்று. இடையிடையே நிறுத்தி வைக்கப்பட்டும், விலக்குகளால் தளர்த்தப்பட்டும் வந்த அவ்வரம்பு 2018 இலேதான் நீக்கப்பட்டது. "உங்கள் சிகிச்சை பயன் தருமென நிரூபியுங்கள்" என்பது அவர்கள் கட்டளை. நிரூபிப்பதற்கான பணமோ விருந்து மேசையிற் பொறுக்கப்பட வேண்டும்! சாட்சியைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு, சாட்சி வரும் வழியை அடைக்கும் நீதிபதியை நாம் என்னவென்போம்?

உண்டியல் ஏந்தும் மாணவனின் நிலையையும் நோக்குக. 2016 முதல் அந்நாட்டில் இத்தொழிலுக்குரிய கல்வி முழுவதும் கலாநிதித் தரத்துக்கு உயர்த்தப்பட்டுவிட்டது. கல்வியின் விலையும் உடன் உயர்ந்தது. பெருங்கடனைச் சுமந்தபடியே பெரும்பாலான மாணவர் வெளியேறுகின்றனர். கடனாளியான மாணவன், தன் தொழிலின் ஆராய்ச்சிக்காக ஓட்டப்பந்தயம் நடத்தி நிதி திரட்டுகின்றான். அவனுக்குக் கைதட்டுவது எளிது. அவன் கடனைப் பற்றிப் பேசுவதுதான் கடினம்.

"தர்மப் பணம்தானே இளம்பிள்ளைவாதத்தை வென்றது?" என நண்பர் சிலர் வாதிடக்கூடும். 1938 இல் தொடங்கிய இயக்கத்துக்குச் சாதாரண மக்கள் பத்துச் சதக் காசுகளை அனுப்பினர். 1955 இல் சோல்க்கின் தடுப்பு மருந்து வெற்றி கண்டது. அவர் காப்புரிமையும் கோரவில்லை. இவை யாவும் மெய். ஆனால் கதையின் எஞ்சிய பகுதியையும் படிக்க வேண்டும். 1958 இல் அவ்வியக்கம் பிறவிக் குறைபாடுகளை நோக்கித் தன் கவனத்தைத் திருப்பிற்று. தடுப்பு மருந்து வருமுன்னரே கால் சூம்பியவர்களோ, பல பத்தாண்டுகள் ஊன்றுகோலோடு வாழ வேண்டியிருந்தது. தர்மம் தன் மனம் போன போக்கிலே செல்லும். உரிமை அவ்வாறு செல்லாது. இரக்கத்தின் வெளிச்சம் எங்கே விழுகின்றதோ அங்கே மட்டும் ஆராய்ச்சி நடைபெறுமாயின், இருளில் இருப்போரின் நோயை யார் ஆராய்வார்?

இன்னொரு வாதமும் உண்டு: அரசுப் பணம் வந்தால் தொழிலின் சுதந்திரம் போய்விடும் என்பது. புரவலரின் பணம் மட்டும் கட்டற்றதா? விருதின் மேல் எவர் பெயர் எழுதப்பட்டாலும், ஆய்வின் கேள்வியைத் தெரிவு செய்வதில் நோயாளிக்கும் இடம் வேண்டும். சுமை தூக்கி முதுகு தேய்ந்த தொழிலாளி மாநாட்டு விருந்துக்கு அழைக்கப்படுவதில்லை. ஆனால் அவன் முதுகே அந்த ஆராய்ச்சியின் பொருள்.

இது அமெரிக்கரின் பிரச்சினை மட்டுமன்று. புனர்வாழ்வுச் சிகிச்சையால் நன்மை பெறக்கூடியோர் உலகில் ஏறத்தாழ 241 கோடிப் பேர் என 2020 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அவர்களுள் நம்மவரும் உளர். போரிலே கால் இழந்தவரும் உளர். செல்வந்த நாட்டிலேயே இவ்வறிவு இரந்து வாழுமாயின், வறிய நாட்டு நோயாளியின் கேள்வியை எழுப்புவார் யார்?

விருதுகள் இருக்கட்டும், நல்ல ஆய்வாளரைப் பாராட்டுவோம். ஆனால் விருது என்பது சமுதாயம் தன் கடனைத் தீர்த்த பின் அணிவிக்கும் மாலையாக இருக்க வேண்டும். கடனை மறைக்கும் போர்வையாக இருத்தலாகாது. ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த முறை ஆராய்ச்சியின் பெயரால் உண்டியல் நம்மிடம் வரும்போது காசும் போடுவோம். கூடவே, பொதுப் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியையும் போடுவோம்.