தமிழ்னா அப்படித்தான் சார்!

கடுப்புல எழுதுற பதிவு இது. கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கோங்க.

புதுக்கோட்டையில எங்க பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நார்த்தாமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல்னு சுத்திச் சுத்தி எழுதின கட்டுரைகளை ஒரு தளத்துல போட்டு வச்சிருந்தார். தளத்தை அழகாக்கணும்னு ஆசைப்பட்டு, காசுக்குச் செய்யிற ஒருத்தர்கிட்ட கொடுத்தார். அவர் ஒரு இலவச டெம்ப்ளேட்டை இறக்கி, தன் பொட்டியில ஸாம்ப் போட்டு நிறுவி, கட்டுரைகளை அதுக்குள்ள தள்ளினார். முகப்புல ஆங்கில மெனு பளிச்சுன்னு வந்துச்சு. உள்ளே ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்காம பழைய தளத்து மேலேயே ஏத்திட்டார். பேக்கப் எடுக்கல.

திறந்தா எல்லாக் கட்டுரையும் '?????'. கேட்டதுக்கு வந்த பதில்: "தமிழ்னா அப்படித்தான் சார். ஃபான்ட் பிரச்சனை."

எனக்கு ஏறின கோபம் அந்த வரிக்குத்தான். ஃபான்ட் இல்லேன்னா கட்டம் கட்டமா தெரியும், கேள்விக்குறி வராது. டெம்ப்ளேட்டோட வந்த எஸ்க்யூஎல் ஃபைலைத் திறந்தேன். எல்லா டேபிளுக்கும் 'லத்தீன்1'. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துப் பட்டியல் அது. தமிழுக்கு அதுல இடமே கிடையாது. கண்டிப்பு மோடு போடாத மைஎஸ்க்யூஎல், இடமில்லாத எழுத்து வந்தா தடுக்காது. ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துட்டு, எழுத்துக்குப் பதிலா '?' எழுதி வச்சிரும். 'அ'வும் '?', 'ழ'வும் '?'. கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்தா தெரிஞ்சா பெரும்பாலும் மீட்டுரலாம், பைட்டுகள் உள்ளே இருக்கும். டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறியா பதிஞ்சா கதை முடிஞ்சது.

2018-ல வந்த 8.0 பதிப்புக்கு முன்னாடி மைஎஸ்க்யூஎல்லோட இயல்பே லத்தீன்1 தான், அதுவும் ஸ்வீடிஷ் வரிசையோட. உருவாக்கின கம்பெனி ஸ்வீடன்ல இருந்துச்சு. அவங்க மொழியை அவங்க மறக்கல. நாம?

"இலவசமா கொடுத்தவனை ஏன்யா திட்டுற"ன்னு சிலர் வருவீங்க. அவரை நான் திட்டல. அவர் 'லோரம் இப்சம்' போட்டு அழகு பார்த்துக் கொடுத்தார். தமிழ் போட்டுப் பார்க்க வேண்டியது, தமிழ்த் தளம் செய்யக் காசு வாங்கினவர். லோக்கல் சர்வர் எதுக்கு இருக்கு? உடைக்கிறதை அங்கேயே உடைச்சுப் பார்க்கத்தானே!

இது ஒண்ணு மட்டும் இல்ல. டெம்ப்ளேட்ல 'சப்ஸ்டர்' போட்டு முன்னோட்டம் வெட்டியிருந்தா அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8ல 'க'வுக்கு 3 பைட், 'கி'க்கு 6. நடுவுல வெட்டினா கடைசி எழுத்து சிதறிடும். வேர்ட்பிரஸ்ல பதிவுச் சுட்டிக்கு 200 இடம். தமிழ்க் குறி ஒண்ணு சதவீதக் குறிகளோட 9 இடத்தைத் தின்னும். 22 குறிக்கு மேல தலைப்பு போச்சுன்னா சுட்டி பாதியில அறுந்துரும். இதெல்லாம் தமிழோட குறையா? தமிழை யாரும் சோதிக்காத குறை.

2015 அக்டோபர் 11 அன்னிக்கு இதே புதுக்கோட்டையிலதான் வலைப்பதிவர் திருவிழா நடந்துச்சு. தமிழ்ல எழுதுங்கன்னு ஊரெல்லாம் சொல்றோம். எழுதினதைக் காப்பாத்தச் சொல்லிக் கொடுத்தோமா? இனிமே டெம்ப்ளேட் பரிந்துரைக்கும்போது "சூப்பரா இருக்கு"ன்னு மட்டும் எழுதாதீங்க. எஸ்க்யூஎல் ஃபைல்ல 'லத்தீன்1' இருக்கான்னு தேடுங்க, இருந்தா 'யூடிஎஃப்8எம்பி4'ன்னு மாத்துங்க. நீளமான தமிழ்த் தலைப்போட ஒரு பதிவு போட்டு, டேபிளையும் முன்னோட்டத்தையும் சுட்டியையும் பாருங்க. பத்து நிமிஷ வேலை. அப்புறம் பேக்கப் எடுத்துட்டு நிஜத் தளத்துல கை வைங்க.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துல கல் படுக்கையில வெட்டின தமிழ்-பிராமி எழுத்து ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. அதைப் பத்தி பெரியப்பா எழுதினது ஒரே மதியத்துல காணாமப் போச்சு. நோட்டுல இருந்ததைத் திரும்பத் தட்டிட்டிருக்கார். நேரா கணினியில எழுதினதெல்லாம் போனது போனதுதான்.

டிஸ்கி: பின்னூட்டத்துல "தமிழ்னா அப்படித்தான்"னு யாராவது எழுதினா, அடுத்த பதிவு உங்களுக்குத்தான். :-)