பாசி கோப்போம்... மண்ணில் கிடப்பதை விட்டுவைப்போம்!

பழசுன்னாலே இப்போ தனி மவுசுதான். பழைய கண்ணாடிப் பாசிகளைத் தேடிச் சேர்த்து, கம்மலாகவும் மாலையாகவும் கோத்துப் போடும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் எதைக் கோப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரோடு வணிகம் நடந்த துறைமுகம் அது. கண்ணாடிப் பாசி செய்யும் தொழிலும் அங்கே நடந்தது. அதே வகைப் பாசிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன.

செய்முறை நமக்குத் தெரிந்த சங்கதிதான். உருகிய கண்ணாடிக் கட்டியை, நடுவில் துளை இருக்கும்படி மெல்லிய நீளக் குழாயாக இழுப்பார்கள். ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். வெட்டிய முனை கூராக இருக்குமே? சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கிவிடும். பாசிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, துளையும் அடைபடாது. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் இம்முறை நடந்ததை ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். படிப்பில்லாத தொழிலாளி கையில் எவ்வளவு பெரிய இன்ஜினியரிங் பாருங்கள்!

இங்கேதான் பிரச்சினை. மழை பெய்தால் அரிக்கமேட்டு மண்ணில் பாசிகள் தலைகாட்டும். "சும்மா கிடந்து வீணாத்தானே போகுது, எடுத்துக் கோத்தா என்ன?" என்று கேட்கலாம். எந்த மிஷினில் கழன்றது என்று தெரியாத நட்டு கையில் இருந்து என்ன பயன்? பாசியும் அப்படித்தான். எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் உடைந்த குழாய் இருந்ததா, உலைக்கழிவு இருந்ததா என்பதுதான் அதன் வயதையும் பிறப்பையும் சொல்லும். பொறுக்கி எடுத்துவிட்டால் அது வெறும் மணி.

1930-களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளைப் பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் காசு கொடுத்து வாங்கியதால்தானே அரிக்கமேட்டின் பெருமை தெரிந்தது என்பீர்கள். உண்மைதான். இடம் தெரிந்த பிறகும் பொறுக்கினால் அது ஆராய்ச்சி அல்ல, அழிப்பு. அதற்காகப் பொறுக்கும் ஏழைப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. வாங்குகிறவன் இருப்பதால்தானே விற்கிறவன் இருக்கிறான்? 100 ஆண்டு கடந்த தொல்பொருளை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அப்போ எதைத்தான் கோப்பது? பாட்டியின் டப்பாவில் அறுந்து கிடக்கும் மாலை இருக்கிறது. மக்கிய நூலை மாற்றுங்கள்; சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், ஆசிட் கூடவே கூடாது. துளையின் ஓரம் நூலை அறுக்கும், அதனால் உறுதியான நைலான் நூலில் பாசிக்குப் பாசி முடிச்சுப் போடுங்கள். ஒரு முடிச்சு அறுந்தாலும் மற்றவை சிதறாது. புதுப்பாசி வேண்டுமா? பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர் கோத்து விற்பதைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வீட்டுப் பாசி நம் கழுத்துக்கு. மண்ணின் பாசி நாளைய தலைமுறையின் படிப்புக்கு. வழியில் கண்ணில் பட்டால் தொல்லியல் துறைக்குச் சொல்லுவோம், பாக்கெட்டில் போட வேண்டாம் தோழர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்