ஃப்ரீ சாமான்மேல பழி போடாதீங்க

திகனவுல ஒரு கொம்பியூட்டர் லேப். மெஷின் எல்லாத்துக்கும் ஒரேயடியா விண்டோஸ் ஏத்துறது ஃபொக் என்ற ஓப்பன் சோர்ஸ் சேர்வர். அதன் பாஸ்வேர்ட் இன்னும் 'பாஸ்வேர்ட்'தான். இன்ஸ்டோல் பண்ணின நாள்ல வந்தது. சொன்னேன். "ஃப்ரீ சாமான்ல ஓட்டை இருக்கத்தானே செய்யும்" என்றார் சேர்.

இருந்தது. 2024இல் வெளியாட்கள் காட்டினார்கள். ஃபொக்காரர்கள் மறைக்காமல் 1.5.10.34இல் அடைத்தார்கள். 2025இல் லொகினே இல்லாமல் தரவுத்தளத்தை அள்ளக்கூடிய இன்னொன்று. அதற்கும் திருத்தம் வந்தது. நாமதான் ஏத்தல்ல.

காசு கொடுத்த சாமான் மட்டும் என்ன கிழிச்சது? நம்ம அரசாங்க கிளவுட் பழைய எக்ஸ்சேஞ்ச் 2013லயே ஓடியது. 2023இல் ரான்சம்வெயார் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான்.

ஃபொக்கைப் பிடிச்சவன் ஒரு இமேஜில் கை வச்சா, அடுத்த தடவை லேப் முழுக்க அதுதான் ஏறும். சேர், அந்தப் பாஸ்வேர்டையாவது இன்னைக்கு மாத்துங்க.