கம்ப்யூட்டர் ஓடுது... பூட்டு எங்கே? குத்தாலம் கடைகளில் சிட்டா, ஆதாருக்கு ஆபத்து!

குத்தாலம்,

குத்தாலம் பக்கத்தில் நெல் போட வேண்டுமா? களத்துக்குப் போகும் முன்னால் கம்ப்யூட்டர் கடைக்குப் போக வேண்டும்!

சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக். இத்தனையும் கொடுத்து ஆன்லைனில் பதிந்த பிறகுதான் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியும். பயிர் இன்சூரன்சுக்கும் இதே கதைதான். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்... எல்லாம் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான்.

அந்தப் பெட்டி பழசாக இருந்தால், அதன் பூட்டு போய்விட்டது. பல பேருக்கு இது தெரியாது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை புரோகிராம், அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி தயாரிக்கும் விண்டோஸ். 2015-ம் ஆண்டு ஜூலையில் வந்தது விண்டோஸ் 10. கடந்த 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பை கம்பெனி நிறுத்திவிட்டது. மனு டைப் அடிக்கும் வேர்டு, கணக்குப் போடும் எக்செல் அடங்கிய ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் அதே நாளில் கதவு சாத்தப்பட்டது.

"நல்லாத்தானே ஓடுது?"

ஓடும். வாஸ்தவம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

திருடர்கள் கம்ப்யூட்டரில் புதுப்புது ஓட்டைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். கம்பெனி மாதா மாதம் அதை அடைத்து வந்தது. இனி புது ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தாலும் வீட்டில் விளக்கு எரியத்தானே செய்யும்!

கேரளாவில் நடந்தது என்ன?

2017 மே 12-ந் தேதி 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டிப் படைத்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு, திறந்து விடுகிறேன்" என்று மிரட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தவித்தன. பக்கத்துக் கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மார்ச் மாதமே மைக்ரோசாப்ட் வெளியிட்டு இருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். மருந்தே வராத பெட்டியின் கதி என்ன?

புதுசு வருது... யாருக்கு?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் முட்டுக்கட்டை. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் அநேகமாக 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும். அது சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். 2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்கள் இதில் தேறாது.

புதுப் பெட்டி வாங்குகிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ரீகால்' என்று ஒரு வசதி. சில வினாடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும்! 2024 மே மாதம் இதை அறிவித்தபோது பலத்த எதிர்ப்பு. தள்ளிப் போட்ட கம்பெனி, 2025 ஏப்ரலில் வெளியிட்டது. 'கோபைலட் பிளஸ்' ரக விலை உயர்ந்த கம்ப்யூட்டரில்தான் இருக்கும். சொந்தக்காரர் சம்மதித்தால்தான் வேலை செய்யும். ஊர் ஜனங்களின் ஆதாரும் பாஸ்புக்கும் திரையில் ஓடும் கடையில் இதற்கு என்ன வேலை? தொடாமல் விடுவதே மேல்.

என்ன வழி?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் இணைத்து பேக்கப் செய்தால் காசு இல்லை. தொழில் செய்கிறவர்களுக்கு வேறு கணக்கு. பெட்டிக்கு முதல் வருஷம் 61 டாலர், அப்புறம் வருஷா வருஷம் இரட்டிப்பு, மூன்று வருஷத்துக்கு மேல் கிடையாது. சின்னக் கடைக்கு இது கையைக் கடிக்கும்.

காசில்லாத வழியும் இருக்கிறது. அதுதான் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ் இலவசம். வேர்டு, எக்செல் பைல்களைத் திறக்க 'லிப்ரே ஆபீஸ்' இலவசம். ஆனால் கைரேகைக் கருவி, பிரிண்டர் இதில் ஓடுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளுக்கு வேறு தலைவலி. அவர்கள் நம்பி இருக்கும் பேஜ்மேக்கர் லினக்ஸுக்கென்று வந்ததே இல்லை. அப்படிப்பட்ட பெட்டியை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் தனியாக ஓட்டுவது நல்லது. கண்ட பென் டிரைவையும் அதில் சொருகக் கூடாது.

ஜனங்கள் கையில்...

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் விவசாயி, தன் காகிதத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும், "தம்பி, நம்ம ஆதார், பாஸ்புக் காப்பியை அழிச்சிடுப்பா. குப்பைத் தொட்டியில இருந்தும் எடுத்திடு" என்று பக்கத்தில் நின்று சொல்லலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கிய ஓ.டி.பி. நம்பரை எழுதி வைத்துவிட்டு வரக் கூடாது.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். நேரம் ஆக ஆக மீட்பது கஷ்டம்.

களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரி காவல் படுக்கிற ஊர் இது. அந்த நெல்லுக்கு வரும் பணம் போய்ச் சேர்கிற பேங்க் கணக்கு, கடைப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குக் காவல் யார்?