நாறுகிற சேற்றைத் தரிசு என்று எழுதாதீர்கள்

 

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடலோரச் சேற்றுவெளியைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே பல்லவிதான். "சும்மா கிடக்கிற சேறு. நாற்றம் வேறு. மண்ணடித்தால் நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும்." டீக்கடைப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே சதுப்பு நிலமும் கடலோர உவர் நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. இந்தக் கணக்கே தப்பு என்கிறேன்.

முதலில் அந்த நாற்றம். அழுகிய முட்டை வாடை அடிக்கும். உடனே சாக்கடை என்று முடிவு கட்டிவிடுகிறோம். சாக்கடையே கலக்காத சதுப்பிலும் இந்த வாடை உண்டு. ஓதநீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் மேலே சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அதற்குக் கீழே காற்றே கிடையாது. அங்கே செத்த உமரிச் செடியின் வேரையும் பாசியையும் யார் மக்க வைப்பது? ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த வாடை. அது இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்யரிங்க் என்ற அறிஞர் 1895-லேயே இவ்வகை பாக்டீரியாவைக் கண்டு சொல்லிவிட்டார். நாம் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம்.

பாக்டீரியா என்றால் நோய், மிஞ்சிப்போனால் தயிர். நம் பொது அறிவு அதோடு நின்றுவிடுகிறது. ஒரு கிராம் சதுப்புச் சேற்றில் சுமார் 100 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். எல்லாம் ஒரே இனமும் அல்ல. ஒன்று கழித்ததை இன்னொன்று உண்ணும். கீழே உண்டாகும் நச்சுச் சல்பைடை மேலடுக்கில் உள்ள வேறு பாக்டீரியாக்கள் பிடித்துக் கந்தகமாகவும் சல்பேட்டாகவும் மாற்றிவிடுகின்றன.

இந்தக் கூட்டம் செய்யும் வேலையைப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில் மக்குவது மெதுவாக நடக்கும். அதனால் செடி இழுத்த கார்பனில் ஒரு பங்கு நூற்றாண்டுக்கணக்கில் சேற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நன்னீர்ச் சதுப்பில் மீத்தேன் நிறையக் கிளம்பும். இங்கே சல்பேட் பாக்டீரியாக்கள் மீத்தேன் உண்டாக்கும் உயிர்களின் உணவை முந்திக்கொண்டு எடுத்துவிடுவதால் அது வெகு குறைவு.

அடுத்து உரம். டெல்டா வயல்களில் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பகுதி நைட்ரேட்டாகி வடிகாலில் இறங்குகிறது. பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேரும் இடம் முத்துப்பேட்டைக் காயல்தான். அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதியைச் சேற்றுப் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. இல்லாவிட்டால் பாசி மண்டும், ஆக்சிஜன் குறையும், மீன் மிதக்கும். இந்தச் சுத்திகரிப்புக்கு டெண்டரும் இல்லை, மின்கட்டணமும் இல்லை.

"அப்படியானால் எல்லாக் கழிவையும் அங்கேயே விடலாமே?" என்று ஒருவர் கேட்பார். கூடாது ஐயா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிளம் தீவுச் சதுப்பின் ஓடைகளில் 9 ஆண்டுகள் சத்துப்பொருளைக் கூட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஓடைக்கரைகள் வெடித்துச் சரிந்தன. 2012-ல் முடிவு வெளியானது. நைட்ரேட் மிகுந்தால், புதைந்த கார்பனையே பாக்டீரியாக்கள் வேகமாகத் தின்னத் தொடங்கும் என்பதையும் அதே சதுப்பின் சேற்றை வைத்துப் பின்னர் காட்டினார்கள். தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு.

சேற்றைத் தோண்டிக் காயவிட்டால் இன்னும் மோசம். அதில் பூட்டிக் கிடந்த இரும்பு சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகும். கேரளத்தின் குட்டநாட்டுக் கரி நிலங்களில் விவசாயிகள் சுண்ணாம்பு போட்டு மல்லுக்கட்டுவது இந்தப் புளிப்போடுதான்.

வேலைவாய்ப்பு என்கிறீர்கள். நண்டும் இறால் குஞ்சும் இந்தச் சேற்றில் மேய்ந்துதான் வளர்கின்றன. அதை நம்பி வலை வீசுகிறவர் வேலை வேலையில்லையா? சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் புதுச் சட்டம் வந்தது, பண்ணைகள் தொடர்ந்தன.

2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் உவர்ச் சதுப்புக்கு உச்சப் பாதுகாப்பு உண்டு. சேற்றுப் படுகைக்கு மட்டும் "உயிரியல் செயல்பாடு உள்ள" என்று ஓர் அடைமொழி போட்டிருக்கிறார்கள். செயல்பாடு இல்லாத ஓதச் சேறு எங்கே இருக்கிறது? பறவையும் நண்டும் கண்ணில் படவில்லை என்றால் செத்த மண்ணா? ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்துவிட்டுச் சொல்லட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். தரிசுப் பட்டியலிலிருந்து கடலோரச் சதுப்பை நீக்குங்கள். ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் சேற்றின் நுண்ணுயிரையும் கார்பனையும் அளந்து, அறிக்கையைத் தமிழில் ஊராட்சியில் வையுங்கள். சதுப்பை அழித்துவிட்டு வேறிடத்தில் கன்று நட்டுக் கணக்குக் காட்டாதீர்கள். பல நூறு ஆண்டுகள் படிந்த சேறு நாற்றங்காலில் கிடைக்காது.

கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடிக் குடுவையில் சதுப்புச் சேறு, கிழித்த காகிதம், கொஞ்சம் முட்டை மஞ்சள் கரு போட்டு, கடல்நீர் ஊற்றி, இலேசாக மூடி ஜன்னலோரம் வையுங்கள். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியின் பெயரால் வழங்கும் சோதனை இது. சில வாரங்களில் கறுப்பு, பச்சை, ஊதா என்று அடுக்கடுக்காய் நிறம் பிரியும். அது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள். நாளை வட்டாட்சியர் நாற்காலியில் உட்காரப் போவது அவர்கள்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். படிக்கிறேன்.