புகை வாசத்துக்கு எந்த ஒயின்?



புகை போட்ட வான்கோழிக்கு எந்த ஒயின் பொருந்தும் என்பதுதான் இவ்வாரப் பேச்சு. "தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு?" என்று சிலர் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெரிய ஹோட்டல்களில் பரிமாறுகிறார்கள், சமையலறையில் நிற்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் அங்கே வான்கோழி மேசைக்கு வரும். "இதற்கு எந்த ஒயின் நன்றாக இருக்கும்?" என்று விருந்தாளி கேட்கும்போது நம் பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டுமா? ஒயினைக் குடிக்கத் தெரிய வேண்டியதில்லை. அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். மதிப்பு தானாக உயரும்.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி கூறும் திருநாள். அன்று வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்துதான். சிலர் அதை முதல் நாளே உப்பு நீரில் ஊறவைத்து, ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி போன்ற மரங்களின் புகையில் பல மணி நேரம் மெல்ல வேகவிடுவார்கள். கறியின் உட்புறச் சூடு 74 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும். அதற்கு முன் இறக்கினால் வயிற்றுக்கு ஆபத்து.

புகையின் குணம் நமக்குப் புதிதா என்ன? ரப்பர் ஷீட்டுகளைப் புகைக் கொட்டகையில் தொங்கவிட்ட கைகள் நம்முடையவை. புகை ஈரத்தைப் போக்கும்; பூசணம் பிடிக்காமல் காக்கும்; பொன்னிறம் தரும். கறியிலும் புகை செய்யும் வேலை இதுதான். கூடவே நாக்கில் இலேசான கசப்பையும் விட்டுச் செல்லும்.

ஆகவே தட்டில் இருப்பவை மூன்று: உப்பு, புகைக் கசப்பு, கொழுப்புக் குறைந்த வறண்ட நெஞ்சுக்கறி. இவற்றுக்கு எது துணை? நம் தாய்மார்களைக் கேளுங்கள். உப்புக் கருவாட்டுக்கு ஏன் புளி ஊற்றுகிறார்கள்? உப்பைப் புளிப்பு அடக்கும் என்பதால்தான். நெகிரி செம்பிலானில் மலாய்க்காரர்கள் புகையில் வாட்டிய சாலாய் இறைச்சியை ஏன் தேங்காய்ப் பாலில் சமைக்கிறார்கள்? அந்த இலேசான இனிப்பும் கொழுப்பும் புகையின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும். ஒயினிலும் தேட வேண்டியவை இவைதாம்: நல்ல புளிப்பு, பழ வாசம், சிறிது இனிப்பு.

வெள்ளை ஒயின் என்றால் ஜெர்மனியின் ரீஸ்லிங் நல்ல தேர்வு. அதிலும் சிறிது இனிப்புள்ளது மிகப் பொருத்தம். சிவப்பு வேண்டுவோர்க்கு, மென்மையான பினோ நுவார், அல்லது பிரான்சின் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் ஒயின். கறிக்கு இனிப்பான பார்பிக்யூ சாஸ் தடவியிருந்தால் கலிபோர்னியாவின் சின்பண்டல் தாங்கி நிற்கும்.

தவிர்க்க வேண்டியது கேபர்னே சாவின்யோன் போன்ற கனத்த சிவப்பு ஒயின். அதில் துவர்ப்பு அதிகம். கொட்டைப்பாக்கை மென்றால் வாய் எப்படி இறுகும்? அப்படி இறுக்கி, வறண்ட கறியை மேலும் வறண்டதாக்கிவிடும். விலை கூடினால் பொருத்தமும் கூடும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு குறிப்பு. சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்பது குளிர்நாட்டுப் பேச்சு. நம் ஊர் வெக்கைக்கு, பரிமாறுமுன் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே சரி.

இனி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒயினில் பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு மதுசாரம் உண்டு. நாகரிகப் புட்டியில் வந்தாலும் மது மதுதான். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். கள்ளுக்கடையும் சம்சுவும் சம்பள நாளில் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தன என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவுக்குப் பலர் பலியானதையும் மறந்துவிடக் கூடாது.

எனவே விருந்துக்கு அழைத்தவர் ஒயின் நீட்டினால், "வேண்டாங்க, நன்றி" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். உங்கள் வீட்டு விருந்துக்கு முஸ்லிம் நண்பர்கள் வந்தால் புட்டியை மேசைக்கே கொண்டுவராதீர்கள். இனிப்புச் சேர்க்காத ஆப்பிள் சாற்றில் கொஞ்சம் லிமாவ் கஸ்தூரி பிழிந்து, குளிரவைத்துக் கொடுத்துப் பாருங்கள். புளிப்பு, பழ வாசம், சிறிது இனிப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. வான்கோழிக்கும் பொருந்தும், வீட்டுக் கோழியை வாட்டினாலும் பொருந்தும்.

ஓட்டலில் பணிபுரியும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்புங்கள். தொழில் அறிவு எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்: பானம் சோற்றுக்குத் துணையாக வரலாம், சோற்றுக்கு வைத்த பணத்தைக் குடிக்க வரக்கூடாது.