கிம்ப்புக்குப் புதுசு வேணுமா, பொட்டிக்கு நிம்மதி வேணுமா?

பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் போடுவதென்றால் முதலில் கட்டம் போட்ட தாள் வேண்டும். எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதைக் காலியாக விடுவது என்பதுதான் டிசைன். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு ஜக்கார்டில் மாட்டுவார்கள். இதையே கணினியில் கிம்ப் கொண்டு செய்யலாம், கட்டத்துக்கு ஒரு பிக்ஸல். ஆரணிப் பட்டு வட்டாரத்துத் தெள்ளாரில் ஒரு மாணவர் பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு, இதற்காகக் கிம்ப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (ஆமாம், பல்லவன் நந்திவர்மன் சண்டை போட்டு ஜெயித்த அதே தெள்ளாறுதான். இப்போது சண்டை பொதிகளுக்குள்!)

2018 ஏப்ரல் 26 அன்று உபுண்டு 18.04 வந்தது. உள்ளே இருந்தது கிம்ப் 2.8. மறுநாளே கிம்ப் 2.10 வெளியானது. ஒரே ஒரு நாள்! வழங்கல் வெளியான பிறகு அதிலுள்ள பதிப்புகளைப் பொதுவாக மாற்ற மாட்டார்கள், பிழைத்திருத்தம் மட்டும்தான். விளைவு, புதுசு வேண்டுமென்று ஊரே பிபிஏ தேடி ஓடியது.

புது கிம்ப் தனியாக வராது. படத்தைப் பதப்படுத்தும் கெகல், நிறங்களை மாற்றித் தரும் பேபிள் என்ற இரண்டு நிரலகங்களையும் புதுசாகக் கேட்கும். கெகல் பிரச்சினையில்லை. 0.3, 0.4 என்று பெயரிலேயே எண் இருப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். பேபிள் அப்படியல்ல. எத்தனை பதிப்பு வந்தாலும் பொதியின் பெயரில் 0.1தான். ஒரே கதவு எண், இரண்டு குடும்பம். புதியவர் வந்தால் பழையவர் காலி செய்ய வேண்டியதுதான்.

அன்றைக்கு எல்லாம் ஓடும். வம்பு, உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு ஏற்றும்போதுதான் வரும். ஏற்றும் நிரல் வெளியார் களஞ்சியங்களை முடக்கிவிடும், ஆனால் அங்கிருந்து வந்த பொதிகள் அப்படியே இருக்கும். அவற்றின் எண் வழங்கலில் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் 'ஆப்ட்' அதைத் தானாகக் கீழே இறக்காது. மற்ற பொதிகள் வேறு பதிப்பைக் கேட்கும். திரையில் வருவது: உடைந்த பொதிகள் உள்ளன.

உடனே யாராவது 'ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' போடு என்று சொல்லிவிட்டுப் போவார். இது சிக்கலைத் தீர்ப்பதல்ல, சண்டை போடும் இருவரில் ஒருவர் வாயைப் பொத்துவது. அதைவிட 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கொடுத்து எந்தப் பொதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது மேல். குற்றவாளி பிபிஏ என்றால், 'பிபிஏ-பர்ஜ்' அதன் பொதிகளை வழங்கலின் பதிப்புக்கே திருப்பிவிடும். வழங்கலைப் பதிப்பேற்றும் முன்பே இதைச் செய்துவிட்டால் பாதித் தலைவலி இல்லை.

ஃப்ளாட்பேக் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், அதில் கிம்ப் தன் நிரலகங்களோடு தனிக்குடித்தனம் வரும், சண்டைக்கே இடமில்லை. ஆனால் முதல் முறை பல நூறு எம்பி தரவிறக்க வேண்டும். கைப்பேசி டேட்டாவை வைத்துப் பொட்டியை ஓட்டுபவரிடம் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

சரி, பார்டர் வரைபவருக்கு 2.10 எதற்கு? அதன் பெரிய வரவு நிறத்துக்கு 16, 32 பிட் ஆழம். புகைப்படக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஜரிகையோடு நாலைந்து நிறம் மட்டுமே உள்ள கட்டப் படத்துக்கு 2.8 தாராளம். தேவையை யோசிக்காமல் பதிப்பு எண்ணைத் துரத்துவதில்தான் இந்தச் சிக்கலில் பாதி பிறக்கிறது. மீதிப் பாதிக்கு, ஒரே பெயரில் பதிப்புகளை அடுக்கும் நிரலாளர்களும் பொறுப்பு. புதியவரைப் பார்த்து "உனக்கு லினக்ஸ் தெரியவில்லை" என்பது அநியாயம்.

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தது. உபுண்டு 24.04இல் இருப்பது 2.10. 3.0 கேட்கும் பேபிளும் கெகலும் அதிலுள்ளவற்றைவிடப் புதியவை. அதே கதை, அதே பாத்திரங்கள்!

முனையத்தில் 'ஒய்' தட்டும் முன், நீக்கப்படும் பொதிகள் என்று ஒரு பட்டியல் வரும். யாரும் படிப்பதில்லை. அதில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற பெயர் கண்ணில் பட்டால் 'என்' தட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து நிதானமாக யோசிக்கலாம்.